ஸ்டீயரிங் லேசானால் டீசல் மிச்சமாகுமா?

‘‘முருங்கையும் தக்காளியும் சாகுபடி செய்கிறோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோக இதுவரை வாடகை வண்டிதான். இப்போது சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கலாம் என்று இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆயில் பவர் ஸ்டீயரிங். இன்னொன்றில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். இதன் விலை 70,000 ரூபாய் கூடுதல். ‘கரன்ட் ஸ்டீயரிங் வண்டி லிட்டருக்கு 2 கி.மீ அதிகம் கொடுக்கும். கூடுதல் பணத்தை ரெண்டே வருஷத்துல எடுத்துடலாம்’ என்கிறார் புரோக்கர். அந்தப் பணத்துக்கு வீட்டு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். தினமும் போய்வர 50 கி.மீ ஓடும். லிட்டருக்கு 14 கி.மீ வரும் என்று சொல்கிறார்கள். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். புரோக்கர் சொல்வதை நம்பலாமா?’’

– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்.

புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆயில் பவர் ஸ்டீயரிங்கைவிட எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் டீசலை மிச்சப்படுத்தும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால், எவ்வளவு என்பதில்தான் புரோக்கர் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்துவிட்டார்.

முதலில் அவர் சொன்ன கணக்கையே போட்டுப் பார்க்கலாம். தினமும் 50 கி.மீ, ஆண்டுக்கு 300 நாள்கள் என்றால் 15,000 கி.மீ. லிட்டருக்கு 14 கி.மீ வீதம் 1,071 லிட்டர் டீசல் வேண்டும். 16 கி.மீ கொடுத்தால் 937 லிட்டர் போதும். மிச்சம் 134 லிட்டர். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு சுமார் 12,500 ரூபாய். அப்படியானால் 70,000 ரூபாயைத் திரும்ப எடுக்க ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆக, 2 கி.மீ என்பது நிஜமாகவே இருந்தாலும் ‘ரெண்டு வருஷம்’ என்பது பொய். அந்த 2 கி.மீ-யும் நிஜமில்லை.

ஏன் நிஜமில்லை என்பது புரிய வேண்டுமென்றால், இந்த இரண்டு ஸ்டீயரிங்கும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் பவர் ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன பம்ப் இருக்கும். இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். இன்ஜின் சுற்றும் வரை பம்ப்பும் சுற்றும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால், அந்த ஆயில் அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். திருப்பாவிட்டால்? அப்போதும் பம்ப் நிற்காது. ஆயில் சும்மா ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். மடை திறக்காத வயலுக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது மாதிரிதான். கள்ளிமந்தயத்திலிருந்து ஒட்டன்சத்திரம் வரை நேர் ரோட்டில் போகிற வண்டியில், ஸ்டீயரிங்குக்கு நிஜமாக உதவி தேவைப்படுகிற நேரம் மொத்தம் சில நிமிடங்கள்கூட இருக்காது. பம்ப் மட்டும் முழு நேரமும் இன்ஜினிடம் கூலி வாங்கிக்கொண்டிருக்கும்.

எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் ஆயில் இல்லை, பம்ப் இல்லை, பெல்ட் இல்லை. ஸ்டீயரிங் தண்டில் ஒரு சென்சார் இருக்கும். ஓட்டுநர் எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தித் திருப்புகிறார் என்பதை அது கண்டுபிடிக்கும். ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி, வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, மின் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். நேராகப் போகும்போது மோட்டாருக்கு வேலை இல்லை. ஏறக்குறைய மின்சாரமே எடுக்காது. நின்ற இடத்தில் லோடோடு முழுக்கத் திருப்பினால் மட்டும் சில விநாடிகளுக்கு 40, 50 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த மின்சாரமும் கடைசியில் டீசலிலிருந்து வருவதுதான். இன்ஜின்தான் ஆல்டர்னேட்டரைச் சுற்றி பேட்டரியை நிரப்புகிறது. ‘கரன்ட்டில் ஓடுது, டீசலே ஆகாது’ என்று யாராவது சொன்னால் அது தவறு. வேலைக்கு மட்டும் கூலி வாங்குகிற ஆள் என்பதுதான் இதன் சிறப்பு.

இந்த யோசனை பிறந்ததே சின்ன இன்ஜின்களுக்காக. ஆயில் பவர் ஸ்டீயரிங்கோடு கார் விற்பனைக்கு வந்தது 1951-ல், அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியலில். அது பெரிய இன்ஜின் போட்ட கனமான கார். ஒரு பம்ப்பை இழுப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால், ஜப்பானில் 550 சி.சி-க்குள் இன்ஜின் வைத்து ஓடும் குட்டிக் கார்களுக்கு அந்தப் பம்ப் பெரிய சுமை. அதனால்தான், 1988-ல் சுசூகி செர்வோ என்ற குட்டிக் காரில் முதன்முதலாக எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வந்தது. பிறகு மெள்ள மெள்ளப் பெரிய கார்களுக்கும் பரவியது. நம் ஊர் சரக்கு வண்டிகளில் மூன்று தலைமுறையையும் ஒரே மார்க்கெட் வாசலில் பார்க்கலாம். 2005-ல் வந்த டாடா ஏஸில் பவர் உதவியே இல்லாத ஸ்டீயரிங். பொலேரோ பிக்கப்பில் ஆயில். 2019-ல் வந்த டாடா இன்ட்ராவில் எலெக்ட்ரிக். சென்னையைச் சேர்ந்த ரானே குழுமம் இந்த மூன்று வகைக்குமே பாகங்கள் செய்கிறது என்பது ஒரு கூடுதல் செய்தி.

சரி, அந்தச் சும்மா சுற்றும் பம்ப் எவ்வளவு டீசல் குடிக்கும்?

நேர் ரோட்டில் ஓடும்போது அது இன்ஜினிடமிருந்து எடுக்கும் சக்தி, வண்டியையும் வேகத்தையும் பொறுத்து, ஏறக்குறைய அரைக் குதிரைத்திறன். அதற்கு ஆகும் டீசல் மணிக்கு சுமார் 100 மில்லி. அதாவது, அரை டம்ளர். வாசகர் வண்டி தினமும் ஓடும் 50 கி.மீ-க்கு மூன்றரை லிட்டர் டீசல் ஆகும். அதில் இந்த அரை டம்ளர் சொச்சம்தான் பம்ப்பின் பங்கு. சதவிகிதக் கணக்கில் 3-ஐ ஒட்டி வரும். அமெரிக்காவில் எரிபொருள் சிக்கன விதிகளை வகுப்பதற்காகச் செய்யப்பட்ட மதிப்பீடுகளிலும், எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கால் கிடைக்கும் மிச்சம் 1 முதல் 3 சதவிகிதம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் 5 சதவிகிதம் வரை சொல்வது உண்டு. சின்ன பெட்ரோல் காரில், நகரத்து ஓட்டத்தில் அந்த அளவை நெருங்கலாம். லோடு ஏற்றி ஓடும் டீசல் பிக்கப்பில் எதிர்பார்க்க முடியாது. லோடு கூடக் கூட மொத்த டீசல் செலவு கூடும், பம்ப்பின் பங்கு அதே அரை டம்ளர்தான் என்பதால், சதவிகிதம் இன்னும் குறையும்.

3 சதவிகிதம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 32 லிட்டர். சுமார் 3,000 ரூபாய். 1 சதவிகிதம் என்றால் 1,000 ரூபாய். அடகுக் கடைக்குப் போக வேண்டாம், வங்கியில் 9 சதவிகித வட்டிக்கே நகைக்கடன் கிடைத்தாலும், 70,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6,300 ரூபாய். ஸ்டீயரிங் மிச்சப்படுத்துவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வட்டிக்குப் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். டீசலுக்காக என்று சொல்லி இந்தப் பணத்தைக் கொடுப்பது நஷ்டக் கணக்கு.

‘அப்படியானால் கம்பெனிகள் ஏன் எல்லாக் காரிலும் இதையே மாட்டுகிறார்கள்?’ என்ற கேள்வி வரும். நம் நாட்டில் 2017-லிருந்து கார் கம்பெனிகளுக்கு எரிபொருள் சிக்கன விதி இருக்கிறது. விற்கிற எல்லாக் கார்களின் சராசரியும் குறிப்பிட்ட அளவுக்குள் வர வேண்டும். லட்சக்கணக்கான கார்களில் 2 சதவிகிதம் என்பது கம்பெனிக்குப் பெரிய விஷயம். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அது நாளுக்கு ஒரு டீ காசு. இன்னொரு சங்கதியும் உண்டு. மைலேஜ் பரிசோதனையின்போது வண்டியை உருளைகள் மீது நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் வேலையே அங்கு இல்லை. ஆயில் பம்ப் அப்போதும் சுற்றும், எலெக்ட்ரிக் மோட்டார் தூங்கும். அதனால் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கின் முழு லாபமும் பரிசோதனைத் தாளில் ஏறிவிடும். மண்டித் தெருவில் முன்னே பின்னே எடுத்து, வளைத்து வளைத்து நிறுத்துகிற வண்டிக்கு அந்த லாபம் கொஞ்சம் குறையும்.

‘என் பங்காளி வண்டியில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதே’ என்று சிலர் சொல்லக்கூடும். 14 கி.மீ-யில் 3 சதவிகிதம் என்பது 0.4 கி.மீ. 20 லிட்டர் டீசல் போடும்போது, பம்ப் ஆள் துப்பாக்கியை எந்த இடத்தில் நிறுத்துகிறார், வண்டி மேட்டில் நிற்கிறதா பள்ளத்தில் நிற்கிறதா என்பதிலேயே அரை லிட்டர் முன்னே பின்னே போகும். அதுவே இரண்டரை சதவிகிதம். ஒரு டேங்க்கை வைத்து 3 சதவிகித வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே பங்க், ஒரே இடம், ஒரே லோடு என்று குறைந்தது ஐந்தாறு தடவை டேங்க் நிரப்பி, மொத்த கி.மீ-யை மொத்த லிட்டரால் வகுத்தால்தான் நம்பத்தகுந்த எண் வரும். பங்காளி வண்டியில் நிஜமாகவே 2 கி.மீ கூடுதலாக வந்தால், அது இன்ஜினால் வந்தது, எடையால் வந்தது, ஓட்டும் கையால் வந்தது. ஸ்டீயரிங்குக்கு அந்தப் பெருமை சேராது.

டீசல்தான் கவலை என்றால், பார்க்க வேண்டிய இடம் டயர். எல்லா டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ காற்று குறைந்தால், எரிபொருள் சிக்கனம் 0.2 சதவிகிதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 10 பி.எஸ்.ஐ குறைவாக ஓடினால் 2 சதவிகிதம் போச்சு. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் கொடுத்ததை டயர் வாங்கிக்கொள்ளும். லோடு வண்டியில் 10 பி.எஸ்.ஐ குறைவது ஒன்றும் அதிசயமில்லை. பல மாதம் காற்று பார்க்காமல் விட்டாலே போதும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. பவர் இல்லாத பழைய ஸ்டீயரிங்கில், முன் டயரில் காற்று குறைந்தால் கை உடனே சொல்லிவிடும். ‘என்னடா, இன்னிக்கு ஸ்டீயரிங் இழுக்கவே மாட்டேங்குது’ என்று டிரைவர் இறங்கி டயரை உதைத்துப் பார்ப்பார். பவர் ஸ்டீயரிங் வந்ததும் அந்தச் சேதி கைக்கு வருவது குறைந்தது. எலெக்ட்ரிக்கில் அது இன்னும் குறைவு. டயர் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் மோட்டார் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிக் கொடுத்துவிடும், ஓட்டுநருக்குத் தெரியாது. வீல் அலைன்மென்ட் கெட்டு வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் அப்படித்தான் மறைந்துபோகும். டயர் ஓரம் தேய்ந்த பிறகுதான் கண்ணில் படும். ஸ்டீயரிங் லேசாக இருக்கிற வண்டிக்காரர், 15 நாள்களுக்கு ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்று பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, மார்க்கெட் வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது. இந்த அளவு டீசல் இன்ஜின் ஐடிலில் மணிக்கு சுமார் அரை லிட்டர் குடிக்கும். வரிசையில் அரை மணி நேரம் ஓடவிட்டால் 250 மில்லி. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு, அந்த அரை மணி நேரத்தில் புகையாகப் போகிறது. சாவியைத் திருகி அணைக்க 70,000 ரூபாய் தேவையில்லை.

ஆனால், வண்டி நிற்கும்போது மட்டும்தான் அணைக்க வேண்டும். பாச்சலூர், தாண்டிக்குடி பக்கமிருந்து மலைக் காய்கறியோடு இறங்கும் வண்டிகளில், இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டி வருகிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. டீசல் மிச்சமாம். பவர் ஸ்டீயரிங் வண்டியில் இது உயிரோடு விளையாட்டு. ஆயில் வகையில், இன்ஜின் நின்றால் பம்ப் நின்றுவிடும். எலெக்ட்ரிக் வகையில், சாவியை அணைத்தால் மோட்டார் நின்றுவிடும். இரண்டிலும் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகக் கனக்கும். விரலால் திருப்பிப் பழகிய கை, கொண்டை ஊசி வளைவில் அந்தக் கனத்தை எதிர்பார்த்திருக்காது. சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இன்ஜின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு முழு பலத்தோடு மிதித்தாலும் லோடு வண்டி லேசில் நிற்காது. இத்தனைக்கும் டீசல் மிச்சமாவதும் அற்பம். கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், இப்போதைய டீசல் இன்ஜின்கள் டீசல் தெளிப்பதையே நிறுத்திக்கொள்ளும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பம்ப்பும் பிரேக்கும் வேலை செய்யும். நியூட்ரலில் இறங்கினால்தான் ஐடிலுக்கு டீசல் செலவாகும்.

வாசகரின் வீட்டில் இரண்டு பேர் ஓட்டப் போகிறார்கள். தினமும் விடியற்காலையில் லோடு ஏற்றிப் போய், மண்டிச் சந்துகளில் வளைத்து நிறுத்தி, திரும்பி வந்து வயல் வேலையும் பார்க்க வேண்டியவர்கள். அவர்களுக்குப் பவர் ஸ்டீயரிங் அவசியம். தோள்பட்டையும் மணிக்கட்டும் தேய்ந்தால் அதற்கு எந்த பங்க்கிலும் ஊற்றி நிரப்ப முடியாது. ஆனால், அந்த உதவியை ஆயில் ஸ்டீயரிங்கும் கொடுக்கும். எலெக்ட்ரிக் கொஞ்சம் கூடுதல் லேசு, அவ்வளவுதான். ஆகவே, வண்டியின் மற்ற நிலவரங்கள் சமமாக இருந்தால், நகையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஆயில் ஸ்டீயரிங் வண்டியை எடுப்பதுதான் சரி. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பத்தாயிரத்துக்குள் இருந்தால், எலெக்ட்ரிக் வண்டியை எடுக்கலாம். கூடுதல் விலைக்கு வேறு நல்ல காரணம் இருந்தால், உதாரணமாக வண்டி மூன்று நான்கு வருடம் புதியது என்றால், அது வேறு கணக்கு. அதை மைலேஜ் கணக்கோடு கலக்கக் கூடாது.

பழைய ஆயில் ஸ்டீயரிங் வண்டியைப் பார்க்கப் போகும்போது, இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால், ஆயில் கறுத்துப்போய்க் கருகிய வாடை அடிக்கக் கூடாது. வண்டியை ஸ்டார்ட் செய்து இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘கீச்’ என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அது சின்னச் செலவு. ‘ஊ’ என்று முனகினால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கலாம். குறைந்த ஆயில் எங்கே போனது என்று தேட வேண்டும். அடியில் குனிந்து ஹோஸ் இணைப்புகளும் ரப்பர் உறைகளும் ஈரமாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கலாம். ஹோஸ், சீல், பெல்ட் எல்லாம் ஊர் ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றிவிட முடியும் என்பது ஆயில் வகையின் பெரிய வசதி. ஒரே எச்சரிக்கை, ஆயில் குறைந்தால் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றக் கூடாது. சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். வண்டியின் புத்தகத்தில் எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

எலெக்ட்ரிக் வண்டி என்றால், சாவியை ‘ஆன்’ செய்ததும் டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கோளாறை மறைக்க விளக்கின் இணைப்பையே யாராவது பிடுங்கி வைத்திருக்கலாம். இந்த வகையில் மோட்டாரோ, சென்சாரோ கெட்டால் பெரும்பாலும் முழுத் தொகுப்பாகத்தான் மாற்றச் சொல்வார்கள். செலவு கனமாக இருக்கும். வாங்கும் முன்பு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

‘‘45 ஹெச்.பி டிராக்டர் புதிதாக வாங்குகிறேன். பவர் ஸ்டீயரிங் போட்டால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், சாதாரண ஸ்டீயரிங்கே போதும் என்கிறார் பக்கத்து வயல்காரர். சேற்றுழவுதான் முக்கிய வேலை. எதை வாங்கலாம்?’’

– திருவாரூர் மாவட்ட வாசகர்.

பக்கத்து வயல்காரர் சொல்வது கணக்குப்படி சரி. சாதாரண ஸ்டீயரிங்குக்கு இன்ஜினிடமிருந்து எதுவும் தேவையில்லை, பவர் ஸ்டீயரிங்குக்குப் பம்ப் வேண்டும். நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பவர் ஸ்டீயரிங் என்றால் ஆயில் வகைதான். முன் அச்சின் மேல் விழும் பாரமும், மண்ணின் எதிர்ப்பும் அதிகம் என்பதால், 12 வோல்ட் மின் மோட்டாருக்கு அது கடினமான வேலை. லாரிகளிலும் இதே காரணத்தால் ஆயில் வகையே நீடிக்கிறது.

ஆனால், சேற்றுழவில் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கிற டிராக்டருக்கு, பம்ப்பின் பங்கு அதே அரை டம்ளர், அதிகம் போனால் முக்கால். சக்கரம் நின்ற இடத்தில் வழுக்கிச் சுற்றுவதில் போகும் டீசலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. சரியான கேஜ் வீல், வயலில் சரியான தண்ணீர் அளவு, ரோட்டோவேட்டருக்குப் பொருத்தமான கியர் ஆகியவற்றில் கவனம் வைத்தால், அந்த அரை டம்ளரைப் பல மடங்காகத் திரும்ப எடுக்கலாம்.

சாதாரண ஸ்டீயரிங்கின் விலையை டீசல் கணக்கில் பார்க்க முடியாது, கையில்தான் பார்க்க வேண்டும். முன் சக்கரம் வரப்பிலோ சேற்றுக் குழியிலோ மோதும்போது, ஸ்டீயரிங் படாரென்று எதிர்ப்பக்கம் சுழன்று அடிக்கும். கட்டைவிரலை உள்ளே விட்டுப் பிடித்திருந்தால் விரல் எலும்பு முறிந்துவிடும். பழைய டிரைவர்கள் கட்டைவிரலை வெளியே வைத்துப் பிடிக்கச் சொல்லித் தருவது இதனால்தான். பவர் ஸ்டீயரிங்கில் அந்த அடியை ஆயில் வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் உழவில் வயல் ஓரத்தில் எத்தனை முறை திருப்ப வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாலே எதை வாங்குவது என்று தெரிந்துவிடும். பவர் ஸ்டீயரிங்கே வாங்கலாம். திருப்பும்போது கோடி வரை போய் முட்டிய பிறகும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் பம்ப் உச்ச அழுத்தத்தில் திணறும், ஆயில் கொதிக்கும், டீசலும் வீணாகும். முட்டியதும் ஓர் அங்குலம் திரும்ப விட்டால் போதும். ஆயில் ஸ்டீயரிங் பிக்கப் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

‘‘என் சரக்கு வண்டியில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். மழை நாளில் காலையில் எடுக்கும்போது சில சமயம் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறது, திருப்பக் கனமாக இருக்கிறது. சிறிது தூரம் ஓடியதும் சரியாகிவிடுகிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.’’

– தேனி மாவட்ட வாசகர்.

ஓடியதும் சரியாகிறது என்றால் மோட்டார் மீது பழி போடும் முன், பேட்டரியைப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பேட்டரி சோர்ந்திருக்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் ஸ்டீயரிங்கின் கம்ப்யூட்டர் பெட்டி தற்காப்புக்காக உதவியைக் குறைத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் நிரப்பத் தொடங்கியதும் பழையபடி உதவி வரும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து இறுக்குவது, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரைச் சோதிப்பது, ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்ப்பது என்று இந்த வரிசையில் போகலாம். வெளியில் மாட்டிய கூடுதல் ஹாரன், ஃபோகஸ் லைட் எல்லாம் எங்கிருந்து கரன்ட் எடுக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். மழை நாளில் மட்டும் வருகிறது என்பதால், ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே உள்ள கனெக்டர்களில் தண்ணீர் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஸ்கேனில் கோளாறு எண்ணைப் பார்த்த பிறகுதான் மோட்டாரை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

வழியில் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டு நேராகவே இணைந்திருக்கிறது. உதவி நின்றாலும் வண்டி திரும்பும், கை மட்டும் வலிக்கும். வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக வீடு வந்து சேரலாம். லோடோடு மலை இறங்க வேண்டியிருந்தால் மட்டும், சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.